ஒரு கோட், ஏழு பேர், ஒரு நோட்டு

என் பீரோவில் ஒரு கறுப்பு கோட் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல கம்பளித் துணி, உள்ளே வழுவழுவென்று லைனிங், முன்பக்கம் இரண்டு பட்டன். வாங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது, நான் அதைப் போட்டது மூன்றே தடவை. ஒரு நேர்காணல், ஒரு கருத்தரங்கு, அப்புறம் குளிர் ஊருக்குப் போன ஒரு பயணம். மற்ற நாளெல்லாம் கவருக்குள்தான். பீரோவைத் திறந்தால் கண்ணில் படும், ஓரமாகத் தள்ளிவிட்டு வேறு எதையாவது உருவிக்கொண்டு கிளம்புவேன்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அக்கா, உங்ககிட்ட ஒரு கோட் இருக்குன்னு ஒரு தடவை சொன்னீங்கள்ல, வியாழக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் தருவீங்களா? மேற்படிப்புக்கு நேர்காணல். வாங்கலாம்னுதான் கடைக்குப் போனேன், ஒரே ஒரு தடவைக்கு அவ்வளவு கொடுக்க மனசு வரல." அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது திரும்பி வந்தபோது தோளில் ஒரு தூசி இல்லை, பிரஷ் போட்டு, அகலமான ஹேங்கரில் மாட்டி, பையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள்: "இடம் கிடைச்சிருச்சு அக்கா."

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தை இரண்டு தோழிகளிடம் சொன்னேன். ஆளுக்கு ஒரு கதை வந்தது: ஒருத்தியிடம் ஒரு தடவை போட்ட நீள கவுன், இன்னொருத்தியிடம் பிரசவத்துக்குப் பிறகு தொடாத ஆறு உடுப்புகள். சும்மா கிடக்கும் உடுப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று மூன்று பேரில் ஆரம்பித்து ஏழு பேரானோம். இப்போது மூன்று வருஷம் முடிந்திருக்கிறது. பொதுவில் சுமார் நாற்பது உடுப்புகள் இருக்கின்றன, எதுவும் ஒரே வீட்டில் கிடையாது, அவரவர் பீரோவில் அவரவர் உடுப்பு இருக்கும், யாரிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும் நோட்டில் இருக்கும். நடுவில் வாடகைக்கும் எடுத்துப் பார்த்தேன், அதில் கொஞ்சம் அடிபட்டும் பார்த்தேன். இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் மனசு பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துணியைவிட அதுதான் பெரிய தடை. இரவல் என்ற சொல்லே நம் காதில் கொஞ்சம் தாழ்வாக விழுகிறது. "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆள் பாதி ஆடை பாதி என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள், அப்போது அந்தப் பாதி அடுத்தவருடையது என்றால் கூச்சம் வரத்தானே செய்யும். எங்களில் ஒருத்தி ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் திருப்பித் தரும்போது ஒரு பரிசுப் பொருளோடு வருவாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். இரண்டு மாதம் கழித்து அவள் வாங்குவதையே நிறுத்திவிட்டாள், கேட்டால் "தேவைப்படல" என்பாள். உண்மை என்னவென்றால், அவள் எதையும் பொதுவில் வைக்கவில்லை, தன் உடுப்பெல்லாம் சாதாரணமானவை, யாருக்கு வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான்தான் பிடிவாதமாக மூன்று சட்டைகளையும் ஒரு மழைக்கோட்டையும் எடுத்து நோட்டில் எழுதினேன். அந்த மழைக்கோட் எத்தனை கை மாறியிருக்கிறது தெரியுமா, முதல் வருஷத்தில் மட்டும் பதினாலு தடவை. அதற்கப்புறம் அவளுக்குக் கூச்சம் போய்விட்டது, பரிசுப் பொருளும் நின்றது. அதனால் எங்கள் முதல் விதி, யாரும் எடுப்பவராக மட்டும் இருக்கக் கூடாது, ஒரு உடுப்பாவது வைத்துவிட்டுத்தான் ஒரு உடுப்பை எடுக்க வேண்டும். தயவு என்ற எண்ணம் போய் முறை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அந்த நோட்டு சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். ஒரு உடுப்புக்கு ஒரு பக்கம். மேலே என்ன உடுப்பு, யாருடையது, என்ன துணி, எப்படித் துவைக்க வேண்டும், என்ன அளவு. கீழே யார், எந்தத் தேதி எடுத்தார், எந்தத் தேதி திருப்பினார், எத்தனை தடவை உடுத்தினார். பக்கத்தின் ஓரத்தில் குறைகள்: "இடது கை மடிப்பில் ஒரு பட்டன் தளர்ந்திருக்கிறது" என்ற மாதிரி. இதை போனில் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள், வைத்தோம், ஒரு மாதத்தில் யாரும் பார்க்காமல் விட்டுவிட்டோம். நோட்டு உடுப்போடு சேர்ந்து கை மாறும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

எத்தனை தடவை உடுத்தினோம் என்பதை எழுதுவதுதான் இதில் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பொருள்களை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்துவதற்காகப் பாடுபடும் எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017ல் ஆடைத் தொழில் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 2000க்கும் 2015க்கும் இடையில் உலகத்தின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது, அதே காலத்தில் ஒரு உடுப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்துவிட்டன என்று அதில் இருக்கிறது. நிறையத் தைக்கிறோம், கொஞ்சமாக உடுத்துகிறோம். பழைய துணியை மறுசுழற்சிக்குப் போட்டால் புதுத் துணியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் அதிலேயே உண்டு: ஆடைக்காகச் செலவாகும் மூலப்பொருளில் மறுபடி ஆடையாகத் திரும்பி வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. பருத்தியும் பாலியெஸ்டரும், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழையும் கலந்து நெய்த துணியைப் பிரிப்பது அவ்வளவு கடினம். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி வளர்வதில் தொடங்கி, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இனி நம் கையில் இருப்பது அந்த டி-ஷர்ட்டை இருபது தடவை உடுத்துகிறோமா, இருநூறு தடவை உடுத்துகிறோமா என்பது மட்டும்தான்.

சரி, அளவு. ஆரம்பத்தில் லேபிளில் இருக்கும் எண்ணை நம்பி எழுதி வைத்தோம், பெரிய தொல்லையானது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் லார்ஜாக இருக்கும், சலவையில் சுருங்கியிருக்கும், தையல்காரர் பிடித்திருப்பார். இப்போது இஞ்ச் டேப் வைத்து உடுப்பையே அளக்கிறோம். உடுப்பை மேஜையில் தட்டையாக விரித்து, பட்டனைப் போட்டு, ஒரு தோள் தையலில் இருந்து மறு தோள் தையல் வரை, அக்குளுக்குக் கீழே குறுக்காக, இடுப்பில் குறுக்காக, பின்கழுத்தில் இருந்து அடிவிளிம்பு வரை, கை நீளம். ஐந்து அளவு போதும். எடுக்க நினைப்பவர் தனக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு உடுப்பை அதே மாதிரி அளந்து ஒப்பிட்டால் போதும், உடம்பை அளக்க வேண்டியதில்லை. உடம்பளவைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அளவு விஷயத்தில் நாங்கள் தவறும் செய்தோம். எங்களில் ஒருத்தி மற்றவர்களைவிடப் பருமன். நாற்பது உடுப்பில் அவளுக்குப் பொருந்தியது மூன்று. ஒரு வருஷம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, தன் உடுப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், "உங்க எல்லாருக்கும் இது பெரிய அலமாரி, எனக்கு மூணு ஹேங்கர்" என்றாள். அதைக் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம்தான் அவள் அளவில் இருக்கும் இரண்டு பேரைத் தேடிச் சேர்த்தோம், சுற்றிக் கட்டும் மாதிரி உடுப்புகள், இடுப்பில் நாடா உள்ளவை, முன் திறந்த ஜாக்கெட், சால்வை என்று பலருக்கும் பொருந்தும் உருப்படிகளைக் கேட்டு வாங்கினோம். தையல்காரரிடம் கொடுத்துச் சில உடுப்புகளின் உள்மடிப்பைப் பிரித்துவிட்டோம். நல்ல தையலில் பக்கத் தையலுக்குள் துணி மிச்சம் விட்டிருப்பார்கள், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம், சிலதில் இரண்டு அங்குலம்கூடக் கிடைக்கும். ஒட்டத் தைத்த மலிவான உடுப்பில் அதற்கு வழியே இல்லை. அதனால் இப்போது எதை வாங்கினாலும் முதலில் உள்பக்கம் திருப்பி அந்த மிச்சத்தைத்தான் பார்க்கிறேன். ஒரே மாதிரி உடம்புள்ளவர்களாகச் சேர்ந்து தொடங்கினால் எளிதாக இருக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். எல்லா அளவிலும் குறைந்தது மூன்று பேர் வரும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கறை. கோட் இரண்டாம் வருஷம் ஒருத்தியிடம் போனது, உள்பாக்கெட்டில் வைத்த பேனா கசிந்து லைனிங்கில் மை இறங்கிவிட்டது. அவள் பயந்துவிட்டாள். எங்களுக்குத் தெரிவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்திருக்கிறாள். மை போகவில்லை, லைனிங்தான் போனது. துடைத்த இடம் முதலில் பிசுபிசுவென்று ஆகி, காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, விரல் பட்டதும் கிழிந்தது. அந்த லைனிங் அசிடேட் துணி, அந்தத் திரவத்தில் இருந்தது அசிடோன், அசிடோன் அசிடேட்டைக் கரைத்துவிடும். இது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. அவள் அழுதுகொண்டே கொண்டு வந்தாள். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் தப்பு எங்கே என்று யோசித்தால், கறை பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாரும் பேசி வைக்கவே இல்லை.

அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். கறை பட்டால் உடனே சொல்ல வேண்டும், சொல்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. தண்ணீரில் துவைக்கக்கூடிய பருத்தி என்றால் தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, பின்பக்கத்தில் இருந்து குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும், வெந்நீர் பல கறைகளை இழையோடு பிடித்துக்கொள்ளச் செய்துவிடும். கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி போடவே கூடாது. பட்டு, கம்பளி, லைனிங் உள்ளது என்றால் உலர்ந்த துணியால் ஒற்றுவதோடு நிறுத்திவிட்டு உடுப்புக்காரரிடம் சொல்ல வேண்டும். எதைப் போட்டுப் பார்ப்பதானாலும் உள்மடிப்பில் ஒரு ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான். கோட்டின் கிழிந்த இடத்துக்கு ஒட்டு போட்டுத் தைத்தோம். கறுப்பில் சாம்பல் நிறத் துண்டு, உள்ளங்கை அகலம், கோணல்மாணலாக இருந்தாலும் உறுதியாக நிற்கிறது. தைத்தது அவள்தான்.

துவைப்பது யார் என்பதில் நிறையச் சண்டை வரும், அதனால் இதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம், எடுத்தவர் துவைத்துத் தர வேண்டும், ஆனால் நோட்டில் எழுதியிருக்கும் முறைப்படி மட்டும். அதிகமாகத் துவைப்பதும் கெடுதல்தான். கம்பளியை ஒவ்வொரு தடவையும் துவைத்தால் சீக்கிரம் போய்விடும், ஒரு இரவு காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் வாசனை போய்விடும். பாலியெஸ்டர் நேர்மாறு, வியர்வை நாற்றம் அதில் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், போகவும் போகாது. அதனால் உடம்போடு ஒட்டும் உடுப்புகளில் பாலியெஸ்டரைப் பொதுவில் வைப்பதை நிறுத்திவிட்டோம். துவைக்கும்போது அதில் இருந்து நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போவது இன்னொரு கவலை. எலாஸ்டேன் கலந்தது என்றால் சூடு ஆகாது, வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும் அதன் இழுவையைக் கொன்றுவிடும். பின்னலாடையை ஹேங்கரில் மாட்டினால் தோள் தொங்கிப்போகும், மடித்துத்தான் வைக்க வேண்டும்.

டிரை கிளீனிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகிர்வதாலும் வாடகைக்கு எடுப்பதாலும் அது கூடிவிட்டால் நாம் செய்வதில் பாதி வீண். வெகுகாலமாக அதில் பயன்படும் திரவம் பெர்குளோரோஎத்திலீன். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்ட விதியில், டிரை கிளீனிங்கில் அதன் பயன்பாட்டை 10 வருஷத்துக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். உடுப்பின் லேபிளில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தத் திரவத்தில் போடலாம் என்று அர்த்தம், 'எஃப்' இருந்தால் அதைத் தவிர்த்து, பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் ஹைட்ரோகார்பன் திரவத்தில் போட வேண்டும், 'டபிள்யூ' இருந்தால் தொழில்முறையில் தண்ணீரிலேயே சுத்தம் செய்யலாம். வட்டத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் டிரை கிளீனிங் கூடவே கூடாது. நாங்கள் 'டபிள்யூ' உள்ளதைத் தேடிப் பார்க்கிறோம், கோட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே கொடுக்கிறோம், வந்ததும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிக் காற்றில் ஆறவிடுகிறோம். அந்தக் கவரோடு பீரோவில் வைத்தால் உள்ளே ஈரமும் நெடியும் அடைந்து கிடக்கும்.

கம்பளி, பட்டு வைத்திருப்பவர்கள் பூச்சி விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இருந்தால் உடுப்போடு ஏழு வீட்டுக்கும் போய்விடும். துணியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் அழுக்கும் உள்ள இடத்தைத்தான் அதிகமாக அரிக்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதோடு கசக்கிய பிறகுதான் உள்ளே வை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிடுவோம்.

வாடகைக்கு வருகிறேன். உடையை வாடகைக்குத் தரும் தொழில் புதிதில்லை, கோட்டும் கல்யாண உடுப்பும் எத்தனையோ காலமாக வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆன்லைனில் அன்றாட உடுப்பு வரைக்கும் வந்தது சமீபத்தில்தான், அமெரிக்காவில் ரென்ட் தி ரன்வே என்ற வாடகை நிறுவனம் 2009ல் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் 2014ல் லீனா என்ற பெயரில் உடுப்புக்கென்றே ஒரு நூலகம் மாதிரி ஆரம்பித்தார்கள், புத்தகம் எடுப்பதுபோல உடுப்பு எடுப்பதற்கு.

நான் முதலில் வாடகைக்கு எடுத்தது ஒரு தோழியின் கல்யாணத்துக்கு, நீளமான பச்சை கவுன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெட்டி வந்தது, திறந்தேன், போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, அவ்வளவுதான். பக்கவாட்டு ஜிப் மேலே இழுக்கும்போது ஒரு இடத்தில் தயங்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, கவனிக்காமல் விட்டுவிட்டேன். திருப்பி அனுப்பிய பிறகு ஜிப் பல் உடைந்திருக்கிறது என்று டெபாசிட்டில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் உடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அன்றில் இருந்து பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுக்கிறேன், வெட்டாமல் ஒரே ஓட்டமாக. ஜிப்பை மேலும் கீழும் இரண்டு தடவை இழுக்கிறேன். அக்குள், கழுத்துப் பட்டி, அடிவிளிம்பு, மணி கோத்த இடம், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் காட்டுகிறேன். ஒரு நூல் தொங்கினாலும் அன்றைக்கே எழுத்தில் தெரிவிக்கிறேன். எடுப்பதற்கு முன்பே நிபந்தனைகளில் "இயல்பான தேய்மானம்" என்று எதைச் சொல்கிறார்கள், தாமதத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, கறைக்கு எவ்வளவு என்று மூன்றையும் படித்துவிடுங்கள், அது எழுதாத இடத்தில் எடுக்கவே வேண்டாம். உடுப்பு ஒரு நாள் முன்னால் கையில் இருக்கும்படி கேளுங்கள், பொருந்தாவிட்டால் என்ன உடுத்துவது என்று உங்கள் பீரோவில் ஒன்றை எடுத்தும் வையுங்கள். நீளம் அதிகம் என்றால் வெட்டக் கூடாது, ஒட்டும் டேப்பும் போடாதீர்கள், பசை துணியில் நின்றுவிடும். ஊசியில் பெரிய பெரிய தையலாக ஓட்டிவிட்டால் திருப்பித் தரும்போது ஒரே இழுப்பில் நூலை உருவிவிடலாம். உடுத்தும் முன் வாசனைத் திரவியத்தை உடம்பில் போட்டுக் காயவிடுங்கள், துணியில் தெளிக்காதீர்கள்.

அப்புறம் மாதச் சந்தா எடுத்தேன், மாதம் நான்கு உடுப்பு. ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன். உடுப்புகளில் குறையில்லை. பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகத் தேவையில்லாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு மாதமும் ஒரு பெட்டி வரும், ஒரு பெட்டி போகும், நான்கில் ஒன்றைத் தொடாமலே திருப்பிய மாதமும் உண்டு. அந்த ஆறு மாதத்தில் நான் கடையில் வாங்கியது குறையவே இல்லை, அதையும் எழுதி வைத்திருந்ததால் தெரிந்தது. பின்லாந்து ஆய்வாளர்கள் 2021ல் ஒரு ஜீன்ஸை வைத்து இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள்: நீண்ட நாள் உடுத்துவது, கைமாற்றி விற்பது, மறுசுழற்சி, வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்து உடுத்துவது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், நீண்ட நாள் உடுத்துவதற்கே பாதிப்பு குறைவு, பகிர்வதில் போக்குவரத்து கூடினால் அந்தப் பாதிப்பு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டு ஓடினால் பகிர்வதன் நன்மை சாலையிலேயே தீர்ந்துவிடுகிறது. எங்கள் வட்டத்தில் யாரும் உடுப்புக்காக என்று தனியாக வண்டி எடுப்பதில்லை, கூரியரும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில், பிள்ளையைப் பள்ளியில் விடும் வழியில், நடந்து போகும் தூரத்தில் கை மாறுகிறது. வாடகைக்கு எடுக்கும் முன் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: இது கிடைக்காவிட்டால் புதிதாக வாங்கியிருப்பேனா? ஆம் என்றால் மட்டும் எடுக்கிறேன். மூன்று வருஷத்தில் அப்படி எடுத்தது ஐந்து தடவை.

எதைப் பகிரலாம் என்பதில் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. கோட், மழைக்கோட், குளிர் ஊர்ப் பயண உடுப்பு, விசேஷத்துக்கு உடுத்துவது, கர்ப்பகாலத்தில் உடுத்துவது, இதெல்லாம் பகிர்வதற்கென்றே பிறந்தவை. உள்ளாடையும் காலுறையும் நீச்சல் உடுப்பும் கூடாது. செருப்பு, ஷூ வேண்டாம் என்பது என் கருத்து, ஒருவர் பாதத்தின் அச்சு அதில் பதிந்துவிடும், அடுத்தவருக்கு வலிக்கும். தினசரி உடுத்தும் இரண்டு நல்ல சட்டைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை நீங்களே தேயும்வரை உடுத்துவதுதான் சரி.

குழந்தைகளின் உடுப்புதான் எல்லாவற்றிலும் எளிது. பிறந்த முதல் வருஷத்திலேயே நான்கைந்து அளவு மாறிவிடும், சில உடுப்புகளை இரண்டு தடவைகூடப் போடுவதில்லை. ஒரு அளவுக்கு ஒரு பெட்டி, மேலே மாதக் கணக்கு எழுதி, ஒரு குழந்தைக்குச் சின்னதானதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒன்று, திரும்ப வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். என் அம்மா என் பிள்ளைக்குப் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர் அப்படித்தான் போனது. யார் வீட்டில் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. அம்மா இப்போது இல்லை. திரும்பி வராவிட்டால் மனசு தாங்காது என்று தோன்றும் எதையும் பொதுவில் வைக்காதீர்கள், எவ்வளவு நெருங்கியவர்களாக இருந்தாலும் சரி.

தொலைந்தால், கிழிந்தால் பணம் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நாங்கள் மாதம் ஒரு சிறு தொகை ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு டப்பாவில் வைக்கிறோம். ஜிப் மாற்ற, பட்டன் வாங்க, தையல்காரருக்குக் கொடுக்க, வருஷத்துக்கு ஒரு சலவைக்கு அதில் இருந்து எடுக்கிறோம். யாருடைய கையில் கிழிந்தது என்று பார்ப்பதில்லை. நூறு தடவை உடுத்திய துணி நூற்றியோராவது ஆளிடம் கிழிந்தால் அது அவர் குற்றமா? முன்பு ஒரு தடவை ஒருத்தியிடம் முழு விலையையும் கேட்டு வாங்கினோம், பணம் வந்தது, அவள் அதற்கப்புறம் வரவில்லை. இன்றைக்கும் அவளிடம் பேசி அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைத் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் நான் வாங்கியது பத்தொன்பது உடுப்பு. போன வருஷம் ஐந்து, அதில் இரண்டு பழையவை, ஒருத்தர் உடுத்தி விற்றவை. வாங்குவதற்குக் கை போகும்போது நோட்டில் இப்படி ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, அநேகமாக இருக்கிறது.

கோட் இப்போது என்னிடம் இல்லை. அதன் பக்கம் நிரம்பிப்போய்ப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், முப்பத்தெட்டு தடவை என்று எழுதியிருக்கிறது. முதன்முதலில் வாங்கிப்போன அந்தப் பெண் படிப்பை முடித்து வந்துவிட்டாள், போன வாரம் அவள் தங்கையின் நேர்காணலுக்கு எடுத்துப்போனாள். நேற்று தகவல் அனுப்பியிருந்தாள், கைக்குள் லைனிங் தையல் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறதாம். "நூல் எந்தக் கறுப்புக்கா, மேட்டா பளபளப்பா? தைச்சே கொண்டுவரேன், சனிக்கிழமைக்குள்ள உங்ககிட்ட இருக்கும்."

பளபளப்பு என்று பதில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொருத்தி கேட்டிருக்கிறாள்.